பழைய எம்ஜிபிக்கு முதலில் எது: ஓவர்டிரைவா, ஐந்து கியரா, லிமிடெட் ஸ்லிப்பா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி (எம்ஜி கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார், கூரை உள்ள வகை) ஒன்று வைத்திருக்கிறார். நான்கு கியர், ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸின் பின்னால் சேர்ந்து, அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் துணை யூனிட்) கிடையாது. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் என்ஜின் கத்துகிறது. மழைநாளில் ரவுண்டானாவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் வெறுமனே சுற்றுகிறது. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஒரு நண்பர், ரேஸ் காரிலிருந்து கழற்றிய பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியலை (இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியலில், ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) மலிவாகத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஐந்து கியர் கிட் போட்டுவிடு என்கிறார். கையிலிருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் வரும்.

என் பதில்: ஓவர்டிரைவ் உள்ள அசல் கியர்பாக்ஸைத் தேடுங்கள். நல்லதாக ஒன்று கிடைக்கவில்லையென்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸ். ‘டொக்’ சத்தத்துக்குப் பெரும்பாலும் சின்னச் செலவே போதும். லிமிடெட் ஸ்லிப், சாலையில் மட்டும் ஓடும் 1.8 லிட்டர் எம்ஜிபிக்குத் தேவையில்லை. மற்ற எல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால் அப்புறம் பார்க்கலாம்.

முதலில் என்ஜின் ஏன் கத்துகிறது என்று பார்ப்போம். உங்கள் காரின் பின் ஆக்சிலில் பினியனுக்கு (ஓட்டும் சின்னப் பல்சக்கரம்) 11 பல், கிரவுன் வீலுக்கு (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 43 பல். 43ஐ 11ஆல் வகுத்தால் 3.909. நான்காவது கியர் நேர் கியர், அதாவது 1:1. 14 அங்குலச் சக்கரமும் 165 டயரும் சேர்ந்தால், என்ஜின் 1000 ஆர்பிஎம் சுற்றும்போது கார் ஏறத்தாழ 17.9 மைல் வேகத்தில் போகும். எனவே 70 மைலில் 3900 ஆர்பிஎம். இந்த என்ஜினின் அதிகபட்ச டார்க் (முறுக்கு விசை) வருவதே 3000 பக்கத்தில்தான். அதற்கு மேல் 900 சுற்று ஏற்றி இரண்டு மணி நேரம் ஓட்டினால் காது வலிக்கத்தான் செய்யும். என்ஜினுக்கு இதனால் உடனே ஆபத்து ஒன்றுமில்லை. இந்த பி-சீரீஸ் என்ஜின் உழைப்புக்குப் பேர் போனது. நம் ஊர் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் இதே குடும்பம்தான். அவதி ஓட்டுபவருக்கும் பெட்ரோல் செலவுக்கும்தான்.

ஓவர்டிரைவின் விகிதம் 0.82. அதைப் போட்டால் 1000 ஆர்பிஎம்முக்கு 21.8 மைல், 70 மைலில் 3200 ஆர்பிஎம். எழுநூறு சுற்று குறைகிறது. ஓட்டிப் பார்த்தால் வேறு கார் மாதிரி இருக்கும்.

இப்போது ஐந்து கியர் கிட்டைப் பாருங்கள். எம்ஜிபிக்கு அதிகமாகப் போடப்படுபவை இரண்டு. ஒன்று ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9. அதன் ஐந்தாவது கியர் 0.82. இன்னொன்று முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் ஐந்து கியர் பாக்ஸ். அதன் ஐந்தாவது 0.814. அதாவது மோட்டார்வேயில் ஓவர்டிரைவ் தருவதையேதான் இவையும் தருகின்றன. 70 மைலில் ஓவர்டிரைவுக்கும் மாஸ்டாவுக்கும் உள்ள வித்தியாசம் முப்பது ஆர்பிஎம்கூட இல்லை. ஏற்கெனவே ஓவர்டிரைவ் உள்ள எம்ஜிபியில் அதைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். என்ஜினை இன்னும் அமைதியாக்கத்தான் அவ்வளவு செலவு என்றால், அது நடக்கப் போவதில்லை. ஆறு கியர் இன்னும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த தலைமுறை எம்எக்ஸ்-5இல் வந்த ஆறு கியர் பாக்ஸில் ஆறாவது 0.843, உச்சியில் உங்களுக்கு நஷ்டம். முதல் கியரோ 3.76. 3.909 ஆக்சிலோடு அதைச் சேர்த்தால் சிக்னலில் கிளம்பியவுடனே அடுத்த கியருக்குக் கை போகும்.

ஐந்து கியரின் உண்மையான வேறுபாடு கீழே இருக்கிறது, முதல் இரண்டு கியர்களில். பலரும் ஐந்தாவது கியரின் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். உங்கள் அசல் பாக்ஸில் முதல் கியர் 3.44, இரண்டாவது 2.167. முதல் கியரில் 5000 வரை இழுத்துவிட்டு இரண்டாவது போட்டால் ஊசி 3150க்கு வந்து நிற்கும். இழுவை விட்டுப் போகாது. சியராவின் நான்கு சிலிண்டர் டைப் 9இல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. அதே 5000இல் மாற்றினால் ஊசி 2700க்கு விழும். முதல் கியர் 25 மைல் தாண்டாமலே முடிந்துவிடும், இரண்டாவது தூங்கி எழுந்து இழுக்க ஆரம்பிக்கும். ஏற்றத்தில் இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். ஃபோர்டின் வி6 கார்களில் வந்த டைப் 9இல் முதல் கியர் 3.36, இரண்டாவது 1.81. முதல் கியர் நீண்டுகொடுக்கிறது, இடைவெளி மட்டும் அப்படியேதான். அதன் இன்புட் ஷாஃப்ட் நீளமும் வேறு என்பதால் கிட் விற்பவரிடம் எதற்கான பெல்ஹவுசிங் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) என்று கேட்காமல் வாங்கக் கூடாது. மாஸ்டாவில் முதல் கியர் 3.136, இரண்டாவது 1.888. 5000இலிருந்து 3000க்கு வருகிறது. அசலுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். முதல் கியர் கொஞ்சம் நீளம். செங்குத்தான ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச்சைச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கியர் மாற்றும் சுகத்தில் மாஸ்டாவை அடிக்க ஆளில்லை. மணிக்கட்டை அசைத்தால் போதும், கியர் விழும். டைப் 9 மோசமில்லை. பழைய நான்கு கியர் பாக்ஸின் வாலில் ஐந்தாவது கியரைச் சேர்த்துச் செய்தது அது. எண்ணெய் வடிக்கும் பிளக்கே அதில் கிடையாது. பழையது வாங்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. பெஞ்சில் இருக்கும்போதே பக்கத்து பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்து வடித்துப் புது எண்ணெய் ஊற்றிவிட வேண்டும். எம்ஜிபியின் 110 பவுண்டு-அடி டார்க்கைத் தாங்குவதில் இரண்டு பாக்ஸுக்கும் சிரமமில்லை.

அப்படியானால் ஏன் மாஸ்டாவை முதலில் சொல்லவில்லை? அதனோடு வரும் சில்லறை வேலைகளால்தான். எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸையும் டிஃப்ரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்திருக்கும். கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்குவது அதுதான். எம்ஜிபியில் அந்தச் சட்டம் இல்லை, ஆகவே புதிய மவுண்ட் வேண்டும். பெல்ஹவுசிங் மாறுகிறது, கிளட்ச் பிளேட் மாறுகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டைப் புதிதாகவோ வெட்டி பேலன்ஸ் செய்தோ போட வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு ஒரு முனை மாஸ்டா, ஒரு முனை எம்ஜிபி. கேபிள் பொருந்தினாலும் ஊசி பொய் சொல்லும். உங்கள் ஸ்பீடோமீட்டர் முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்றினால் மீட்டர் சரியாகக் காட்டும் என்பது அது. புதிய பாக்ஸோடு கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அளந்து, அதற்கேற்ப மீட்டரைத் திருத்தக் கொடுக்க வேண்டும். நல்ல கிட் விற்பவர்கள் இதையெல்லாம் பெட்டியிலேயே வைத்துத் தருவார்கள். சிலர் பெல்ஹவுசிங்கையும் ஒரு தகடையும் கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டுவார்கள். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டனலை (கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடுத்தரை மேட்டை) எங்காவது வெட்ட வேண்டுமா? 1967க்குப் பிந்தைய கார்களில் டனல் அகலம், அதனால் உங்கள் 1972க்கு வெட்டாமலே முடிய வேண்டும். வெட்டச் சொல்லும் கிட்டை விட்டுவிடுங்கள். பின்னாளில் அசலுக்குத் திரும்பும் வழியை அடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓவர்டிரைவ் பாக்ஸில் இந்தத் தொல்லை எதுவுமில்லை. எம்ஜிபிக்கு 1963இலிருந்தே அது கூடுதல் விலைக்குக் கிடைத்தது. 1975 ஜூனிலிருந்து இங்கிலாந்துச் சந்தைக்கான கார்களில் சேர்ந்தே வந்தது. உங்கள் காரில் இருப்பது நான்கு கியருக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள, 1967 கடைசியில் வந்த பாக்ஸ். அதற்கு ஜோடி லேகாக் கம்பெனியின் எல்ஹெச் ஓவர்டிரைவ். அதே குடும்பத்துப் பாக்ஸ் என்பதால் பெல்ஹவுசிங், கிளட்ச், மவுண்ட் எல்லாம் உங்களுடையதே. கூடுதலாக வேண்டியது கொஞ்சம் ஒயரிங்கும் ஒரு சுவிட்சும். முதல் கியருக்குச் சின்க்ரோ இல்லாத பழைய பாக்ஸுக்கு டி-டைப் ஓவர்டிரைவ். அது உங்கள் காருக்கு நேராக ஏறாது. விற்பவர் ‘எம்ஜிபி ஓவர்டிரைவ்’ என்று மட்டும் சொன்னால், எந்த வருடக் காரிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துவைத்தால் பிற்பாடு பழுது பார்ப்பது சுலபம். மெயின்ஷாஃப்டில் உள்ள ஒரு கேம், சின்ன பிளஞ்சர் பம்பை ஓட்டுகிறது. நீங்கள் சுவிட்சைத் தட்டியதும் சோலினாய்டு ஒரு வால்வைத் திருப்புகிறது. சுமார் 400 பிஎஸ்ஐ எண்ணெய் அழுத்தம் ஏறுகிறது. அது ஒரு கூம்பு கிளட்ச்சைத் தள்ளி ஹவுசிங்கோடு சேர்த்துப் பிடிக்கிறது, நடுவிலிருக்கும் சன் வீல் நின்றுவிடுகிறது. அதைச் சுற்றிவரும் பிளானட் கியர்கள் வெளிவளையத்தை வேகமாகத் தள்ள, என்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறது. கிளட்ச்சை மிதிக்கவே வேண்டாம். உங்கள் வருட பாக்ஸில் மூன்றாவதிலும் நான்காவதிலும் இது வேலை செய்யும், 1977 மாடலிலிருந்து நான்காவதில் மட்டும். மூன்றாவதில் ஓவர்டிரைவ் போட்டால் 1.382 என்பது 1.13 ஆகிறது, கிராமத்து வளைவுச் சாலைகளில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு கியர் இருந்தால் தேவலை என்று தோன்றுமே, அது இதுதான். கைவிரலால் தட்டி மேலும் கீழும் போய்வரலாம். எந்த ஐந்து கியர் பாக்ஸும் இந்தச் சுகத்தைத் தராது.

எண்ணெய் விஷயத்தில் கவனம். கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஊற்ற வேண்டியது 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில். ‘கியர்பாக்ஸ்தானே’ என்று இபி90 கியர் ஆயில் ஊற்றினாலும், வழுக்கலைக் கூட்டும் ஆயில் சேர்மானங்களை ஊற்றினாலும், கூம்பு கிளட்ச் பிடி விட்டு நழுவும். இபி90 போக வேண்டிய இடம் பின் ஆக்சில்.

ஓவர்டிரைவ் ஏறவில்லையென்றால் உடனே பாக்ஸை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் எண்ணெய் மட்டம். அடுத்தது கரண்ட்: கியர்பாக்ஸ் மேல் இருக்கும் தடுப்பு சுவிட்ச், அதற்குப் போகும் ஒயர். இக்னிஷனைப் போட்டு, என்ஜினை ஓட்டாமல், நான்காவது கியரில் வைத்து ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். கீழே சோலினாய்டு ‘டிக்’ என்று சொன்னால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் சரி. அதற்குப் பிறகு யூனிட்டின் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து வலை ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். இதெல்லாம் பாக்ஸ் காரிலேயே இருக்கும்போது செய்யக்கூடிய வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஓவர்டிரைவ் விடுபடாமல் மாட்டிக்கொண்டால் காரை ரிவர்ஸில் எடுக்கவே கூடாது. உள்ளே ஒருவழிக் கிளட்ச் இருக்கிறது. பின்னோக்கித் தள்ளினால் அது நொறுங்கும்.

ஆக்சில் விகிதத்தையே மாற்றிவிட்டால் என்ன என்று அடுத்து யாராவது சொல்வார்கள். 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8இல் 3.07 ஆக்சில். அதைப் போட்டால் 70 மைலில் 3100க்குக் கீழே வந்துவிடும், உண்மைதான். ஆனால் எல்லாக் கியரும் சேர்ந்து நீண்டுவிடும். முதல் கியரின் மொத்த விகிதம் 13.4இலிருந்து 10.6க்கு இறங்கும். 3.5 லிட்டர் வி8 அதைப் பொறுத்துக்கொள்ளும். 1.8 லிட்டர், நான்கு பேர் சாமானோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச் வாசனை வரும். இதை விட்டுவிடலாம்.

கியர்பாக்ஸை மாற்றுவதாக முடிவெடுத்தால் ஒன்றை மனதில் வையுங்கள். எம்ஜிபியில் பாக்ஸ் தனியாகக் கீழே இறங்காது. என்ஜினும் பாக்ஸும் சேர்ந்து, வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கி, மேல்வழியாகத்தான் வரும். ஓவர்டிரைவ் சேர்ந்தால் கனம் இன்னும் கூடும். கிரேனோடு ஒரு ஆள் வண்டிக்கு அடியில் இருந்தால்தான் நடக்கும். கூலியில் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கத்துக்கே போகிறது. அதனால் வெளியே வந்தபோதே கிளட்ச், ரிலீஸ் பேரிங், என்ஜின் பின் ஆயில் சீல், என்ஜின் மவுண்ட் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அந்த ரிலீஸ் பேரிங் அசலில் கார்பன் வளையம்தான். சிக்னலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் இருந்தால் சீக்கிரம் தேயும்.

சரி, லிமிடெட் ஸ்லிப்புக்கு வருவோம். சாதாரண டிஃப்ரென்ஷியல் இரண்டு பின்சக்கரத்துக்கும் எப்போதும் சம டார்க்தான் கொடுக்கும். பிடி குறைந்த சக்கரம் தாங்கும் அளவு எவ்வளவோ, மறு சக்கரத்துக்கும் அவ்வளவே. வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்ந்து உள்சக்கரம் லேசாகிறது. எம்ஜிபி போன்ற ஒரே தண்டு ஆக்சில் கார்களில் இன்னொன்றும் உண்டு: புரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கு ஆக்சிலையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். அதனால் வலது பின்சக்கரம் மேலே எழும்பப் பார்க்கும். இங்கிலாந்துக் கார்களில் ஓட்டுபவர் வலது பக்கம் உட்காருவதால் அவர் எடை இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அமெரிக்காவுக்குப் போன இடப்பக்க ஸ்டியரிங் எம்ஜிபியில் தனியாக ஓட்டுபவருக்கு அந்த உதவியும் இல்லை.

இதைத் தீர்க்க இரண்டு வழி. ஹெலிகல் கியர் வகை: குவைஃப், டார்சன் போன்றவை. ஒரு சக்கரம் நழுவப் பார்த்தால் உள்ளே இருக்கும் கியர்கள் உராய்ந்து, பிடி உள்ள சக்கரத்துக்கு இரண்டரை மடங்கு போல டார்க்கை அனுப்பும். உள்சக்கரம் 100 பங்கு தாங்கினால், சாதாரண டிஃப்பில் மொத்தம் 200, இதில் 350. சத்தம் கிடையாது, தேய்மானம் குறைவு, தனி எண்ணெய்ச் சேர்மானம் வேண்டாம். பலவீனம் ஒன்று: சக்கரம் முழுவதும் அந்தரத்தில் தூக்கிவிட்டால், பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

பிளேட் வகையில் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்காக இருக்கும். ஸ்பிரிங் அழுத்தம் எப்போதும் கொஞ்சம் பிடித்தே வைத்திருக்கும், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கச் சாய்தளங்கள் பிளேட்டை இன்னும் நெருக்கும். சக்கரம் தூக்கினாலும் மறு சக்கரம் இழுக்கும். அதனால்தான் ரேஸ்காரர்களுக்கு இதன் மேல் பிரியம். ஆனால் பிளேட் தேயும், பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி நகர்ந்தால் பின்னால் ‘டக டக’ என்று இழுத்துக்கொண்டு வரும், சரியான எண்ணெய் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

உங்கள் நண்பர் தருவது இந்த இரண்டாவது வகை, அதுவும் ரேஸ் காருக்காக இறுக்கி வைத்தது. மழைச் சாலையில் அது உங்களுக்கு உதவாது என்பதோடு விடாது, தொல்லையும் தரும். இப்போது ரவுண்டானாவில் உள்சக்கரம் மட்டும் சுற்றுகிறது. வெளிச்சக்கரம் பிடியோடு இருப்பதால் காரின் பின்பக்கம் அதன் இடத்திலேயே நிற்கிறது. இறுக்கமான பிளேட் டிஃப்பில் இரண்டும் ஒன்றாகப் பிடி விடும். 91 அங்குல வீல்பேஸ் உள்ள கார் சட்டென்று வால் சுழற்றும். 95 குதிரைத்திறன் காரில் உள்சக்கரம் லேசாகச் சுற்றுவதை ஒரு முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு காலைத் தளர்த்துவதே நல்லது.

அதற்கு முன் அந்தச் சக்கரம் ஏன் சுற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். டயரின் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். கிளாசிக் கார்களில் பட்டன் தேயாமலே ரப்பர் கல்லாகிப் போன டயர்கள் நிறைய. மழையில் அவை எதையும் பிடிக்காது. பின் லீஃப் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா, லீவர் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது பின்னால் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன்: பின்பக்க பார் தடிக்கத் தடிக்க வளைவில் உள்சக்கரம் இன்னும் லேசாகும், சுற்றலும் கூடும். அதைக் கழற்றிவிட்டு முன்பக்க பாரைக் கொஞ்சம் தடிமனாக்கினால், காசு குறைவாக, லிமிடெட் ஸ்லிப் தரும் பலனில் பாதி கிடைத்துவிடும்.

வேலைக்கூலியும் ஒரு காரணம். ரோட்ஸ்டர்களில் (திறந்த கூரை எம்ஜிபிகளில்) 1967 வரை வந்த பழைய பான்ஜோ ஆக்சிலில் டிஃப் முழுதாக முன்பக்கமாகக் கழன்று வரும், மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். ஜிடிக்கு ஆரம்பத்திலிருந்தே குழாய் ஆக்சில். அதில் டிஃப்பை வெளியே எடுக்க, ஹவுசிங்கையே நூலளவு விரிக்கும் ஒரு தனிக் கருவி வேண்டும். திரும்பப் போடும்போது டயல் கேஜ் வைத்து கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளியையும் பேரிங் இறுக்கத்தையும் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்ய வேண்டும். தெரியாதவர் செய்தால் முதல் வாரமே ஊளையிடும். மலிவாக வந்த டிஃப்பின் விலை இந்தக் கூலியில் மறைந்துவிடும்.

யாருக்கு லிமிடெட் ஸ்லிப் வேண்டும்? மலையேற்றப் போட்டிக்கும் ஆட்டோடெஸ்டுக்கும் (குறுகிய இடத்தில் கூம்புகளைச் சுற்றி ஓட்டும் போட்டி) போகிறவர்களுக்கு, ரோவர் வி8 ஏற்றிய எம்ஜிபிக்கு, பனியிலும் சேற்றிலும் ராலி ஓட்டுகிறவர்களுக்கு. சாலையும் எப்போதாவது டிராக்கும் என்றால் ஹெலிகல் வகை. போட்டி மட்டும் என்றால் பிளேட். எதைப் போட்டாலும், ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு என்ஜினைக் கியரில் ஓட்டிப் பார்க்கும் வேலை இனி கூடாது. தரையிலிருக்கும் சக்கரம் காரை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்; கியர்பாக்ஸ் மாற்றினாலும் அப்படித்தான்.

அந்த ‘டொக்’ சத்தம். குழாய் ஆக்சில் எம்ஜிபிகளுக்கு இது பரம்பரை வியாதி. டிஃப்பின் உள்ளே சின்ன கியர்களுக்குப் பின்னால் இருக்கும் திரஸ்ட் வாஷர்கள் காகிதமாகத் தேய்ந்து, அந்த இடைவெளி முழுவதும் ஒரே தட்டில் வெளியே கேட்கிறது. பின் மூடியைத் திறந்து, ஆக்சில் ஷாஃப்டுகளைச் சில அங்குலம் வெளியே இழுத்து, குறுக்கு ஊசியைத் தட்டி எடுத்தால் வாஷர்களை மாற்றலாம். கிரவுன் வீலை அசைக்கத் தேவையில்லை, ஹவுசிங் விரிக்கும் கருவியும் வேண்டாம். வாஷர்களின் விலை ஒரு டேங்க் பெட்ரோலைவிடக் குறைவு. அதற்கு முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்டையும் கையால் முறுக்கிப் பாருங்கள். கம்பிச் சக்கரமாக இருந்தால், பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹப்பின் பல்வரிசை தேய்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அது வாஷரைவிட அவசரமான விஷயம்.

பழைய ஓவர்டிரைவ் பாக்ஸ் வாங்கப் போகும்போது, அது இன்னும் காரில் இருக்கிறதா, தரையில் கிடக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் விலை பேச வேண்டும். காரில் இருந்தால் எண்ணெய் சூடாகும் வரை ஓட்டச் சொல்லுங்கள். சிலவற்றில் குளிரில் சரியாக ஏறி, எண்ணெய் நீர்த்த பிறகு தயங்கும். அது அழுத்தம் கசிவதன் அடையாளம். மூன்றாவதிலும் நான்காவதிலும் போட்டு எடுத்துப் பாருங்கள், இரண்டாவதின் சின்க்ரோ கரகரக்கிறதா என்றும் கேளுங்கள். தரையில் கிடந்து, “கழற்றும்போது நன்றாகத்தான் வேலை செய்தது” என்று விற்பவர் சொன்னால், வேலை செய்யாத பாக்ஸுக்கு என்ன கொடுப்பீர்களோ அதை மட்டும் கொடுங்கள். மீதியை ரிப்பேர் செலவுக்கு எடுத்துவையுங்கள். அந்த இரண்டும் சேர்ந்த தொகை எம்எக்ஸ்-5 கிட்டின் விலையைத் தாண்டினால் மாஸ்டா பக்கம் போய்விடலாம்.

நண்பர் தரும் டிஃப்பை மறுத்தால் வருத்தப்படுவார் என்றால், ஆக்சில் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை உங்கள் காரோடு பொருந்துகிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கி அலமாரியில் வையுங்கள். வி8 ஏற்றும் ஆசை வந்தால் அன்றைக்கு உதவும்.